கோஹா யாருடையது: நூலகங்கள் கூடி உருவாக்கிய மென்பொருள் பற்றி வெள்ளவத்தையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பு வெள்ளவத்தையில் நான் பட்டியலாக்கப் பணி செய்யும் சிறு நூலகத்துக்கு 2022 ஆம் ஆண்டு மே மாதம் ஒரு விலைச்சிட்டை வந்தது. அதில் குறிக்கப்பட்டிருந்த தொகை முந்தைய ஆண்டின் அதே தொகைதான். ஆனால் அது டொலரில் எழுதப்பட்டிருந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் அப்போது 360 ரூபாவை எட்டியிருந்தபடியால், நூலக மென்பொருளின் வருடாந்தப் பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துவதென்றால் அந்த ஆண்டுக்கான பருவ இதழ்ச் சந்தாக்களை நிறுத்தவேண்டும் என்ற நிலை. மென்பொருளைக் கைவிடுவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்து, எமது பதிவுகளை எமக்குத் தரும்படி கேட்டபோது, தரவை வெளியே எடுக்கும் வசதி நாம் வாங்கிய தொகுப்பில் அடங்கவில்லை என்று பதில் வந்தது. இருபது ஆண்டுகளாக நாமே தட்டச்சிட்ட பட்டியல், எமது மேசையிலிருந்த கணினிக்குள்ளேயே, எமக்கு எட்டாத பூட்டுக்குள் கிடந்தது.

அந்தப் பதில் எழுப்பிய கேள்வியை, நூலகங்கள் தாமே கூடி வடிவமைத்த இரு மென்பொருள்களின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பது இவ்வாய்வின் நோக்கம். ஒன்று நியூசிலாந்தில் பிறந்த கோஹா. மற்றது அமெரிக்காவில் திட்டமிடப்பட்ட ஓ.எல்.ஈ., அதாவது ஓப்பன் லைப்ரரி என்வைரன்மென்ட். ஒரு மென்பொருளைச் சமூகத்தின் உடைமை என்று நாம் சொல்லும்போது எது உடைமையாகிறது? கணினிக்கு எழுதிய கட்டளைகளான மூலநிரலா, பெயரா, தரவா, வடிவமைப்பு மேசையில் ஓர் இருக்கையா? என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த நான்கில் மிக எளிதாகக் கைக்கு வருவது மூலநிரல்தான். மற்ற மூன்றிலும் நூலகங்கள் ஏமாந்திருக்கின்றன, அல்லது ஏமாறும் விளிம்பு வரை போய் மீண்டிருக்கின்றன.

லெவின் நகரத்து அன்பளிப்பு

நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனுக்கு வடக்கே, லெவின் என்ற சிறு நகரை மையமாகக் கொண்டு இயங்குவது ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளை. 1999 இல் அதன் கையிலிருந்த பழைய நூலகக் கணினி முறைமை, நாட்காட்டி 2000 ஆம் ஆண்டுக்குத் திரும்பும்போது நின்றுவிடும் என்ற அச்சம் இருந்தது. சந்தையில் கிடைத்த முறைமைகளோ ஒரு சிறு நகரத்து நூலகத்துக்குப் பெரியவை, விலை கூடியவை. நூலகம் கட்டிப்போ கொம்யூனிகேஷன்ஸ் என்ற சிறிய இணைய நிறுவனத்தை அமர்த்தித் தனக்கென ஒன்றை எழுதுவித்தது. சில மாதங்களில் எழுதி முடித்த அந்த மென்பொருள் 2000 ஜனவரியில் வேலைக்கு வந்தது.

அதன் பிறகு எடுக்கப்பட்ட முடிவுதான் இந்நிகழ்வின் திருப்பம். எழுதுவித்த நூலகமும் எழுதிய நிறுவனமும் அதை விற்பனைப் பொருளாக்காமல், எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இடமளிக்கும் ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டன. சூட்டிய பெயர் கோஹா. மாவோரி மொழியில் அச்சொல் அன்பளிப்பைக் குறிக்கும். எனினும் வெறும் தானமன்று, பெற்றவர் ஒருநாள் தம் பங்கைத் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்போடு கூடிய அன்பளிப்பு. மலையகத்துக் கலியாண வீடுகளில் மொய் எழுதுவதைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மொய் திரும்பி வரவும் செய்தது. முதற் பதிப்பில் மார்க் என்னும் நூல்விபரப் பதிவு வடிவத்துக்கு இடமிருக்கவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள நெல்சன்வில் பொது நூலகம், கோஹாவைத் தான் ஏற்பதற்கு மார்க் அவசியம் என்று கண்டு, அந்த வசதியை எழுதுவதற்குப் பணம் கொடுத்தது. எழுதப்பட்டது நெல்சன்விலுக்கு மட்டும் போகவில்லை. உலகெங்கும் கோஹாவை வைத்திருந்த ஒவ்வொரு நூலகத்துக்கும் போனது. இன்றுவரை கோஹாவின் பொருளாதாரம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: தேவையை முதலில் உணர்ந்த நூலகம் செலவை ஏற்கிறது, பயன் எல்லாருக்கும் சேர்கிறது. இலவசம் என்று சொல்லி இதைக் குழப்பக்கூடாது. யுனெஸ்கோ வழங்கிய சி.டி.எஸ்./ஐசிஸ் மென்பொருளை இலங்கை நூலகங்கள் 1980களிலும் 1990களிலும் இலவசமாகத்தான் பயன்படுத்தின. ஆயினும் அதன் அடுத்த பதிப்பில் என்ன இருக்கவேண்டும் என்று எம்மிடம் எவரும் கேட்கவில்லை.

பெயரைப் பறிகொடுக்கவிருந்த கதை

நெல்சன்வில் முயற்சியில் ஈடுபட்டவர்கள் வழியாக 2005 இல் லிப்லைம் என்ற நிறுவனம் தோன்றி, கோஹாவை நிறுவித் தந்து பராமரிக்கும் சேவையை நூலகங்களுக்கு விற்றது. இதில் தவறேதும் இல்லை; பொது உரிமம் அதற்கு முழு இடம் தருகிறது. 2007 இல் கட்டிப்போ நிறுவனத்தின் கோஹாப் பிரிவை லிப்லைம் வாங்கியது. சமூகம் கூடும் இணையத்தளமும் அதன் முகவரியும் இவ்வாறு ஒரே நிறுவனத்தின் கைக்குள் வந்தன. அப்போது அதைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நாமும் பொருட்படுத்தியிருக்கமாட்டோம். சாவி நல்லவர் கையில் இருக்கும்வரை பூட்டு யாருடையது என்று யார் கேட்பார்கள்?

2009 இல் லிப்லைம் தன் வாடிக்கையாளர்களுக்கென்று தனியொரு கோஹாப் பதிப்பை நடத்தப்போவதாக அறிவித்தபோது கேள்வி எழுந்தது. பொதுப் பதிப்பும் தனிப் பதிப்பும் பிரிந்து போகுமாயின், நெல்சன்வில் வழியில் பிறர் பணத்தில் வளர்ந்த மரத்தின் புதுக் கனிகள் ஒரு வேலிக்குள் போய்விடும். சமூகம் புதிய இணைய முகவரி ஒன்றை அமைத்துக்கொண்டு வெளியேறியது. அந்த முகவரியையும் பொதுச் சொத்துகளையும் யார் பெயரில் வைப்பது என்ற கேள்விக்கு, விவாதித்து வாக்கெடுத்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பினார்கள்: பொறுப்பை ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளை ஏற்றது. 2010 இல் லிப்லைமை பி.டி.எஃப்.எஸ். என்ற நிறுவனம் வாங்கியது.

2011 இல், கோஹா என்ற பெயரையே வணிகக் குறியாகப் பதிவு செய்யும் விண்ணப்பம் நியூசிலாந்திலேயே பி.டி.எஃப்.எஸ். தரப்பில் நிலுவையில் இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. பெயரைச் சூட்டிய நூலகம் அந்தப் பெயரைப் பயன்படுத்த எவருடைய அனுமதியையோ நாடவேண்டி வரும் நிலை. இலாப நோக்கற்ற அமைப்பொன்றுக்குப் பெயரைக் கையளிக்க ஆயத்தமாக இருப்பதாக நிறுவனம் கூறியது. ஆயினும் அறக்கட்டளையும், கோஹாச் சேவை வழங்கும் கெட்டலிஸ்ட் என்ற நியூசிலாந்து நிறுவனமும் விண்ணப்பத்தை எதிர்த்து நின்றன. 2013 இல் நியூசிலாந்தின் அறிவுசார் சொத்து அலுவலகம் எதிர்த்தவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது.

இந்தப் பூசல் நடந்த ஆண்டுகளில் மூலநிரலின் ஒரு வரியைக்கூட எவரும் பறிக்கவில்லை. பறிக்கவும் முடியாது, உரிமம் அதற்கு அரணாக நின்றது. பறிபோனதும் பறிபோகவிருந்ததும் முகவரியும் பெயரும், அதாவது புதிதாக வரும் ஒரு நூலகம் எந்த வாசலைத் தட்டவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம்.

கோஹாவின் இன்றைய ஒழுங்கை இந்த அனுபவத்தின் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ளவேண்டும். ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் நவம்பரும், புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பொறுப்பாளர்களைச் சமூகமே தெரிவு செய்கிறது. ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் சோதித்துக் கையொப்பமிட்டு, மூன்றாம் நிலையில் தர ஆய்வு கடந்த பின்னரே அது சேர்க்கப்படுகிறது. ஆண்டுக் கூட்டம் ஒரே கண்டத்தில் தேங்கி நிற்பதில்லை. 2011 இல் மும்பையை அடுத்த தானேயிலும் 2015 இல் நைஜீரியாவின் இபாதானிலும் கூடியது.

வரைந்து பார்த்த வேலைமுறைகள்

ஓ.எல்.ஈ. நேர் எதிர்த் திசையில் தொடங்கியது. 2008 இல் மெலன் அறக்கட்டளையின் நிதியுதவியோடும் டியூக் பல்கலைக்கழகத்தின் தலைமையோடும் பல்கலைக்கழக நூலகங்கள் பல கூடின. அவுஸ்திரேலியத் தேசிய நூலகமும் கனடாவின் தேசிய நூலகமும் அவற்றோடு அமர்ந்தன. நிரல் எழுதுவது அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை. நூலகத்தில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்பதை முதலில் வரைந்து பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். பட்டறைகளில் பட்டியலாக்குபவரும் கொள்வனவு செய்பவரும் இரவல் வழங்குபவரும் தத்தம் வேலையின் ஒவ்வொரு படியையும் விவரித்தார்கள். அதிலிருந்து உருவான வடிவமைப்பு அறிக்கை 2009 இல் வெளியானது.

இப்படிச் செய்ததற்கு வலுவான காரணம் இருந்தது. அப்போதைய முறைமைகள் அச்சுப் புத்தகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; பல்கலைக்கழக நூலகங்களின் பணமோ பெருமளவில் மின் இதழ்களின் அனுமதி ஒப்பந்தங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தது. தட்டில் வைக்க முடியாத, புதிதாக வந்த நூல்களைப் பதியும் சேர்வுப் பதிவேட்டில் இலக்கமிட முடியாத ஒரு பொருளை வாங்குவதும் புதுப்பிப்பதும் வழங்குவதும் எப்படி என்பதற்குப் பழைய மென்பொருளில் விடை இல்லை. விற்பனையாளர் விடை கொண்டுவரும்வரை காத்திராமல் கேள்வியைத் தாமே எழுதுவது என்று நூலகங்கள் துணிந்தன.

செயலாக்கம் 2010 முதல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் தலைமையில், குவாலி என்ற கூட்டமைப்பின் குடையின் கீழ் நடந்தது. சிக்காகோ, லீஹை பல்கலைக்கழக நூலகங்கள் 2014 இலும், கீழைத்தேய, ஆபிரிக்க ஆய்வுகளுக்கான இலண்டன் கல்லூரியான சோவாஸ் 2015 இலும் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தன. லெவினில் சில மாதங்களில் முடிந்த வேலைக்கு இங்கே ஆறு ஆண்டுகள். அதற்குள் குவாலி அமைப்பே வணிக நிறுவன வடிவத்துக்கு மாறத் தொடங்கியதால், ஓ.எல்.ஈ. நூலகங்கள் தமக்கு வேறு குடை தேடவேண்டியதாயிற்று. 2016 இல் எப்ஸ்கோ, இன்டெக்ஸ் டேட்டா ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து, பழைய நிரலைத் தொடராமல், ஃபோலியோ என்ற புதிய தளத்தை அடித்தளத்திலிருந்து எழுத முற்பட்டன. சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2019 இல் முதலில் அதற்கு மாறியது. லீஹை 2020 இலும் சிக்காகோ 2022 இலும் மாறின.

இதைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. நான் பாதிதான் உடன்படுவேன். பல ஆண்டு உழைப்பில் எழுதிய நிரல் ஒதுக்கப்பட்டது உண்மை. ஆனால், தன் வேலையைத் தானே விவரிக்கப் பழகிய நூலகர் கூட்டம் கலையவில்லை. ஃபோலியோவின் பணிக்குழுக்களில் அது தொடர்ந்து அமர்ந்தது. என் தயக்கம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கட்டிடம் கட்டும் பணத்தில் பெரும்பங்கு எப்ஸ்கோ போன்ற ஒரு பெரிய வணிக நிறுவனத்திடமிருந்து வருமாயின், மேசை நூலகர்களுடையது என்பதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிறுவிக்கொண்டே இருக்கவேண்டும். லிப்லைம் கதையைப் படித்தவர்கள் இதை மிகையான பயம் என்று சொல்லமாட்டார்கள்.

வெள்ளவத்தையை உடைக்கும் ஓர் எழுத்து

இனி எமது மேசைக்கு வருகிறேன். பழைய மென்பொருளிலிருந்து தரவை மீட்பதற்கு வேறு வழியின்றி, அறிக்கைகளாக அச்சிடும் வசதியைப் பயன்படுத்தி, தாளுக்குப் பதில் கோப்பாகச் சேமித்து எடுத்தோம். பதிவுகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. அவற்றை, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி இலக்கம் தரும் பொதுமுறையான ஒருங்குறிக்கு மாற்றி, மார்க் 21 வடிவத்துக்குக் கொண்டுவந்து, கோஹாவில் ஏற்றினோம். திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. மறுநாள் வழக்கமாக வரும் வாசகர் ஒருவர் ‘கௌரி’ என்று தேடினார். ஒரு நூல்கூட வரவில்லை. தட்டிலோ அவர் கேட்ட நூல் கண்முன் இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் விசை ஒன்றே. அக்கால எழுத்துருவுக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியும் வடிவம் மட்டுமே. எழுத்து எது என்பது அதற்கு வேண்டியதில்லை. நாம் பயன்படுத்திய மாற்றி, எகரக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனி எழுத்துகளாக எடுத்து, ‘கௌரி’யை ‘கெளரி’ ஆக்கியிருந்தது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம் என்று கணினி கற்ற இளைஞர் ஒருவர் முன்வந்தார். நல்ல காலம், ஒரு பிரதியில் மட்டும் சோதித்தோம். கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரமானபோது ‘தெளிவு’ சிதைந்தது, ‘வெள்ளை’ சிதைந்தது, எமது முகவரியான வெள்ளவத்தையே உடைந்து போனது. ளகரத்தின் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று விதியைத் திருத்தி, மீதியைக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம். ‘ஸ்ரீ’ என்ற எழுத்துக்கும் ஒருங்குறியில் இரு வழிகள் உள்ளன. ஒன்றில் ஸகரம், மற்றதில் பின்னர் சேர்க்கப்பட்ட ஶகரம். அதற்கும் தனி விதி எழுதவேண்டியிருந்தது.

இவை எதுவும் கோஹாவின் குறை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் பெட்டியைத் திறந்தவுடன் கோஹா தமிழுக்கு ஆயத்தமாக இருப்பதில்லை என்பதும் உண்மை. அதன் செப்ரா தேடுபொறியை இலத்தீன் எழுத்துகளுக்கான வழக்கமான அமைப்பிலிருந்து, பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐ.சி.யூ. அமைப்புக்கு மாற்றினால்தான் தமிழிலும் சிங்களத்திலும் ஒழுங்காகத் தேடலாம். எழுத்துகளை ஒருங்குறியின் இலக்க வரிசைப்படி அடுக்கினால் நகரத்தை அடுத்து னகரம் வரும், ரகரத்தை அடுத்து றகரம் வரும். அரிச்சுவடி படித்த எந்தப் பிள்ளையும் ஏற்காத வரிசை அது.

பெயர்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. மார்க்கில் ஆசிரியர் பெயருக்கான 100 ஆம் புலம், பெயர் குடும்பப் பெயரில் தொடங்குகிறதா, இயற்பெயரில் தொடங்குகிறதா என்று முதலிலேயே கேட்கிறது. செ. கந்தையா என்றொரு பெயரை எடுத்துக்கொள்வோம். கந்தையா குடும்பப் பெயரன்று. அவரது சொந்தப் பெயர். முன்னால் நிற்கும் எழுத்து தந்தையின் பெயருக்கு உரியது. அவருடைய பிள்ளைக்குக் கந்தையா என்பது முன்னெழுத்தாகிவிடும். நாம் ‘கந்தையா, செ.’ என்று புரட்டி எழுதி, குடும்பப் பெயர் என்ற குறியை இட்டுவிடுகிறோம். பொய் என்று தெரிந்தும் இடுகிறோம், ஏனெனில் வரிசை சரியாக வருவதற்கு அதுவே வழி. பதிவுகளை வெளியிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்ற ஆறுதலும் எமக்குக் குறைவு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து கிடைக்கும் தமிழ் நூற்பதிவுகள் பெரும்பாலும் உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இருக்கும். ழகரத்துக்காக அடிக்கோடிட்ட உரோமன் எழுத்தைத் தட்டச்சிட்டுத் தேடும் வாசகரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஓ.எல்.ஈ. பட்டறைகளில் வரையப்பட்ட வேலைமுறைகளில் இந்தக் காட்சி எதுவும் இருந்திருக்காது. இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. மேசையில் அமராதவரின் வேலையை வேறெவரும் விவரிக்கமாட்டார். கோஹாவில் எமக்குள்ள வாய்ப்பு, அந்த மேசைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பது. குறையை எழுதி அனுப்பலாம், திருத்தத்தைச் சோதித்துக் கையொப்பமிடலாம், மொழிபெயர்ப்பில் ‘அங்கத்தவர்’ என்பதா ‘உறுப்பினர்’ என்பதா என்று வாதாடலாம். தமிழ் நூலகர்களில் இதைச் செய்வோர் மிகச் சிலர் என்பது எமது குற்றமேயன்றி மென்பொருளின் குற்றமன்று.

நான்கு நூலகங்களும் ஓர் உறையும்

எமது அனுபவத்தைக் கேட்டு, தெஹிவளை முதல் கொட்டாஞ்சேனை வரை வேறு மூன்று சிறு நூலகங்கள் சேர்ந்தன. இணையத்தில் வாடகைக்கு எடுத்த ஒரே வழங்கிக் கணினியில் நான்கு கிளைகளாகக் கோஹாவை அமைத்து வாடகையைப் பகிர்ந்துகொண்டோம். பெயர் எழுதும் முறைக்கும் தமிழ்ப் பொருட்தலைப்புகளுக்கும் ஒரு பொது விதி வகுத்தோம். அதற்கான கூட்டங்கள் நீண்டன, அவற்றுள் இரண்டு கோபத்தோடு முடிந்தன. மின்வெட்டு வந்தால் இரவலை எழுத ஒரு கொப்பி எப்போதும் மேசையில் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு எழவில்லை. 2022 மார்ச் 31 அன்று 13 மணிநேரம் இருளில் இருந்தது எல்லாருக்கும் நினைவிருந்தது.

லிப்லைம் வரலாற்றை இவ்வாய்வுக்காக வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் எமது நிலைமை எனக்கு உறைத்தது. வழங்கியின் கணக்கும் இணைய முகவரியும் தொடக்கத்தில் உதவிய அந்த இளைஞரின் தனிப்பட்ட பெயரில், அவருடைய கடனட்டையில், அவருடைய மின்னஞ்சலில் இருந்தன. அவர் கனடாவுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். நேர்மையான பிள்ளை, கேட்டவுடன் மாற்றித் தந்தார். ஆனால் யாருக்கு மாற்றுவது என்று சொல்ல எம்மிடம் ஓர் அமைப்பும் இருக்கவில்லை, ஒரு தாளும் இருக்கவில்லை.

இப்போது முகவரி, நால்வரில் மூத்ததும் பதிவு பெற்றதுமான நூலகத்தின் பெயரில் உள்ளது. ஒரு நூலகம் விலகினால் தன் பதிவுகள் முழுவதையும் மார்க் கோப்பாக எடுத்துச்செல்லும் உரிமை அதற்கு உண்டு என்று ஒரு பக்க உடன்படிக்கை எழுதி, நான்கு தலைவர்களும் கையொப்பமிட்டோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்தக் கோப்பை எடுத்து ஒவ்வொரு நூலகத்துக்கும் அனுப்புவது என் பொறுப்பு. கடவுச்சொற்கள் அடங்கிய உறை முத்திரையிடப்பட்டு, இரும்பு அலுமாரியில், 1970களின் சேர்வுப் பதிவேட்டுக்கு மேல் இருக்கிறது.